சந்தனம் பட்ட இசைத்தட்டு

ஐரீன் அம்மையாருக்கு எண்பத்தெட்டு வயது. அவருடைய இடக் காது பல ஆண்டுகளுக்கு முன்பே முற்றாகப் போய்விட்டது. வலக் காதும் அடுத்த கோடைவரை தாங்காது என்று மருத்துவர் நவம்பர் தொடக்கத்தில் கூறினார். அதை அவர் கலங்காமல் கேட்டுக்கொண்டார். வீடு திரும்பியதும், மேலங்கியைக் கழற்றாமலே நாற்காலியில் அமர்ந்து, தம்மைப் பராமரிக்க வரும் தாட்சாயினியிடம் சொன்னார்:

"அப்படியானால் அம்மாவின் குரலை நான் கேட்கப் போவதில்லை."

தாட்சாயினி அவருடைய காலணிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மொன்றியலை ஒட்டிய இல்-பிசார் தீவிலுள்ள அந்த வீட்டுக்கு அவள் வரத் தொடங்கி இரண்டு குளிர்காலங்கள் கடந்திருந்தன. பேருந்து அரிதாகவே வரும் அத்தீவில், ஐரீனுக்கு அவளைத் தவிர வேறு ஆள் துணை இல்லை. எண்பத்தெட்டு வயதுப் பெண்ணின் தாய் எங்கிருந்து பேசப் போகிறார் என்று அவள் முதலில் திகைத்தாள். முதுமையின் தடுமாற்றமோ என்றும் ஐயுற்றாள். ஐரீன் தடுமாறவில்லை. அவர் அன்று முதன்முறையாக முழுவதையும் சொன்னார்.

தாயின் பெயர் எட்னா. ஒட்டாவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு தண்டவாளத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். 1938ஆம் ஆண்டு, கைக்குழந்தையாக இருந்த ஐரீனை அயலாரிடம் விட்டுவிட்டு, கிட்டாருடன் மொன்றியலுக்கு வந்தார். இசைத்தட்டுக் கம்பனி ஒன்று கைவிடப்பட்ட தேவாலயத்தில் ஒலிப்பதிவு நடத்திக்கொண்டிருந்தது. அங்கே, தாமே இயற்றிய பாட்டு ஒன்றை ஒரே தடவையில் பாடிப் பதிந்துவிட்டு ஊர் திரும்பினார். ஈராண்டுக்குள் காசநோயால் இறந்தார். பாட்டின் பெயர் 'பன்னிரண்டாம் மைலில் பனி'.

பாட்டு இறக்கவில்லை. கண்ட்ரி எனும் நாட்டுப்புற இசை பாடுவோர் ஒருவரிடமிருந்து ஒருவராக அதை எடுத்துக்கொண்டனர். எல்லை கடந்து தெற்கேயும் போயிற்று. இன்று அது ஒலிக்காத கண்ட்ரி இசை விழா இல்லை. பாடுவோரில் பெரும்பாலோர் அதை ஊர் பேர் அறியாத எவரோ கட்டிய பழம்பாட்டு என்றே அறிமுகப்படுத்துகின்றனர். ஆனால் எட்னாவின் தட்டு மட்டும் எவரிடமும் இல்லை. விற்றவை சிலவே. மூல அச்சுகளைப் போர்க்காலத்தில் உலோகத்துக்காக உருக்கிவிட்டனர். ஆவணக் காப்பகத்தில் பெயர் இருக்கிறது, தட்டு இல்லை. ஐரீன் தம் வாழ்நாள் முழுவதும் தேடியிருந்தார்.

"தண்டவாளத்துப் பனியை வெட்டி அகற்றப் போன கணவனுக்காக மனைவி சாளரத்தில் விளக்கை வைத்துக் காத்திருக்கிறாள். கடைசிச் சரணத்தில் அவன் கதவைத் தட்டுகிறான். எல்லாரும் அந்த இடத்தில் கைதட்டுவார்கள்," என்றார் ஐரீன். "அந்தக் கணவன் என் தாத்தா. அவர் திரும்பி வரவில்லை. பன்னிரண்டாம் மைலில் பனிச்சரிவில் புதைந்தார். அவரைத் தோண்டி எடுத்தபோது அம்மாவுக்கு ஒன்பது வயது. அப்படியிருந்தும் அவர் திரும்பி வந்ததாக எப்படிப் பாடினாள்? அந்தச் சரணத்தை அவள் குரலில் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும். அதற்காகத்தான் இந்தக் காதை வைத்திருந்தேன்."

தாட்சாயினி காலணியைக் கையில் பிடித்தபடியே எழுந்தாள்.

"பாட்டின் பெயரை இன்னொரு முறை சொல்லுங்கள்," என்றாள்.

அப்பெயரை அவள் சிறு வயதில் எழுத்துக் கூட்டி வாசித்திருந்தாள். மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில் அவளுடைய பெரியப்பா கிருபானந்தனின் வீட்டில், ஆண்டுதோறும் சரசுவதி பூசையன்று, பாடப் புத்தகங்களுக்கும் ஒரு பழைய சுருதிப் பெட்டிக்கும் நடுவே, கறுத்த இசைத்தட்டு ஒன்று கலைமகள் படத்தின் காலடியில் இருக்கும். பூசையில் வைத்த புத்தகங்களைத் தொடக்கூடாது; பூசை முடிந்து அவலும் கடலையும் கிடைக்கும்வரை, பிள்ளைகளுக்கு வாசிப்பதற்கு அந்தத் தட்டின் மையத்தில் பெயர் அச்சிட்டு ஒட்டிய நடுத்தாளைத் தவிர வேறொன்றும் இருக்காது.

அன்று மாலை அவள் பெரியப்பாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"பெரியப்பா, சாமித்தட்டிலை இருக்கிற றெக்கோட்டிலை என்ன பேர் எழுதியிருக்கு?"

"ஏன் பிள்ளை, ஏடு தொடக்கப் போறியோ? உனக்கு நாப்பது தாண்டீட்டுதெல்லோ."

"பகிடியை விட்டிட்டுப் போய்ப் பாத்துச் சொல்லுங்கோ."

"பாக்கத் தேவையில்லை. பன்னிரண்டாம் மைலில் பனி. பாடினது எட்னா எண்ட மனிசி. என்ர அப்பரின்ர உயிர் அதிலைதான் கிடந்தது. ஏன் கேக்கிறாய்?"

அவள் காரணத்தைச் சொன்னாள்.

"கடவுளே," என்றார் கிருபானந்தன். "அந்த மனிசிக்கு ஒரு மகளும் இருக்கிறாவோ?"

தட்டு வந்த வழி இது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கிருபானந்தனின் தந்தையார் திருகோணமலைச் சீனன்குடா விமானத் தளத்தில் பண்டசாலை எழுத்தராக இருந்தார். அங்கே நின்ற கனடிய விமானப்படை வீரன் ஒருவன், மாற்றலாகிப் போகும்போது, ஒரு கிராமபோனையும் சில தட்டுகளையும் அவரிடம் விட்டுச் சென்றான். மற்றவை உடைந்தன. இது ஒன்று எஞ்சியது. கிராமபோன் பழுதான பின்னர், தாயார் தட்டை எடுத்துச் சாமி அறையில் வைத்தார். இசை கொண்ட பொருள் கலைமகளுக்கு உரியது, அதைத் தரையில் போடக்கூடாது என்பது அவருடைய கருத்து. தாயார் இறந்த பின்னர் அப்பொறுப்பு கிருபானந்தனின் மனைவி சிவநேசத்திடம் வந்தது. கிருபானந்தன் கனடாவுக்கு வந்தபோது தட்டைச் சட்டைகளுக்கிடையே சுற்றி எடுத்து வந்தார். இங்கே அதைப் போட்டுக் கேட்க ஒருமுறை விரும்பினார். சாமித்தட்டில் ஏறிய பொருளைக் கூத்துப் பார்க்க இறக்குவதில்லை என்று சிவநேசம் மறுத்துவிட்டார். அவர் திருகோணமலையில் ஒரு பெண்கள் பாடசாலையின் உப அதிபராக இருந்தவர். அவர் மறுத்தால் அந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

இம்முறை அவர் மறுக்கவில்லை.

"தாயின்ர குரலைப் பிள்ளை கேக்க வேணும் எண்டால் அது வேறை," என்றார். "நாங்கள் வைச்சிருந்தது போதும். குடுக்கத்தான் வேணும். ஆனால் இப்பிடியே குடுக்கேலாது."

அவர் சொன்னதற்கு நியாயம் இருந்தது. ஆண்டுதோறும் பூசையில் வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் சந்தனமும் குங்குமமும் இடுவது வழக்கம். நடுத்தாளின் எழுத்து மறைந்துவிடக்கூடாது என்பதற்காக, அவர் எப்போதும் சுற்றியுள்ள கறுப்புப் பகுதியில் நான்கு திசைகளிலும் பொட்டிட்டு வந்தார். பழைய பொட்டை ஈரத் துணியால் ஒற்றிவிட்டுப் புதியதை இடுவார். ஒற்றியதில் போகாத சந்தனம் ஆண்டுக்காண்டு இறுகி, தட்டின் மேல் மஞ்சள் படை ஒன்று நிலைத்திருந்தது. அதன்மேல் விளக்குப் புகையும் படிந்திருந்தது. ஒருவருக்குரிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது துலக்கிக் கொடுப்பதுதான் முறை. அழுக்கோடு கொடுப்பது வாங்குபவரை அவமதிப்பதாகும். சிவநேசம் இதில் ஒருபோதும் தவறியதில்லை.

சனிக்கிழமை காலை, குளித்து, விளக்கேற்றி, தட்டைச் சமையலறை மேசையில் பழைய துவாயின் மேல் வைத்தார். தண்ணீருக்குப் படை அசையவில்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. ஊசி போடுமுன் தோலைத் துடைப்பதற்கான ஸ்பிரிட் போத்தல் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றித் துடைத்தார். மஞ்சள் உடனே விட்டது. அதன்பின் பஞ்சில் கறுப்பு வந்தது. இத்தனை வருடப் புகை என்று எண்ணிப் புதிய பஞ்சை எடுத்தார். அதிலும் கறுப்பு வந்தது.

"இஞ்சேருங்கோ, வந்து பாருங்கோ! எவ்வளவு ஊத்தை!" என்று கணவரை அழைத்துக் காட்டினார்.

கிருபானந்தன் எட்டிப் பார்த்தார். "நல்லா மினுக்கு, மினுக்கு. வெள்ளைக்காறி எங்களை ஊத்தையர் எண்டு நினைக்கக்கூடாது."

சிவநேசம் சந்தனம் இருந்த பக்கம் முழுவதையும், விளிம்பிலிருந்து நடுத்தாள் வரை, ஓர் இடமும் விடாமல் துடைத்தார். மறுபக்கம் ஒருபோதும் மேலே திரும்பியதில்லையாதலால் அது சுத்தமாகவே இருந்தது. அதை அவர் தொடவில்லை. பின்னர் தட்டைப் புதிய வெள்ளைத் துணியில் சுற்றி வைத்தார்.

பழைய தட்டுகளிலிருந்து ஒலியை மீட்டுப் பதியும் பெர்னார் என்பவர், மொன்றியலின் ஜான்-டலோன் சந்தைக்குப் பின்புறத் தெருவொன்றில், நிலவறையில் தொழில் நடத்திவந்தார். செவ்வாய்க்கிழமை அங்கே கூடினர். ஐரீனைத் தாட்சாயினி, முதியோருக்கென நகராட்சி ஓட்டும் சிற்றுந்தில் அழைத்து வந்தாள். ஐரீன் நீலக் கம்பளி உடையும் முத்துமாலையும் அணிந்திருந்தார். கிருபானந்தன் தம்பதியர் கர்க்லாண்டிலிருந்து காரில் வந்தனர். சிவநேசம் வெள்ளைத் துணிப் பொதியை மடியிலிருந்து இறக்காமலே வந்திருந்தார்.

"போன்ஜூர், போன்ஜூர்," என்று பெர்னார் எல்லாரையும் உட்கார வைத்தார். ஐரீனின் வலக் காதுக்கு அருகில் ஒலிபெருக்கியை நகர்த்தினார். "மதாம், இப்படி ஒரு தட்டு இருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை," என்றார்.

பொதியை அவிழ்த்தார். விளக்கின் கீழே தட்டைச் சரித்துப் பார்த்தார். அவருடைய முகம் மாறியதைத் தாட்சாயினி கண்டாள். அவர் ஐரீனின் பக்கம் திரும்பாமல், தணிந்த குரலில் கேட்டார்:

"இதைத் துடைத்தது யார்?"

"நான்," என்றார் சிவநேசம். அவருடைய ஆங்கிலம் திருத்தமானது. "நன்றாகத் துடைத்திருக்கிறேன்."

"எதனால்?"

"ஸ்பிரிட்டினால்."

பெர்னார் தட்டைப் பஞ்சணையில் வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மதாம், அந்தக் காலத்துத் தட்டு அரக்கினால் செய்வது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். உங்கள் பஞ்சில் கறுப்பு வந்திருக்குமே? அது அழுக்கு அன்று. பாட்டுப் பதிந்திருந்த வரிகள்தான் கரைந்து வந்திருக்கின்றன."

சிவநேசம் தமிழில், தாட்சாயினியைப் பார்த்து, "சந்தனத்தோடை குடுத்திருந்தால்? கேள்," என்றார்.

தாட்சாயினி கேட்டாள். பெர்னார் உண்மையைச் சொல்லும் மனிதர்.

"சந்தனத்தை நான் தண்ணீரில் ஊறவைத்து, சிறிது சிறிதாக எடுத்திருப்பேன். பாதிக்கு மேல் கிடைத்திருக்கும்."

ஐரீன் அவர்கள் பேசுவதை முகங்களிலிருந்து அறிய முயன்றுகொண்டிருந்தார். "என்ன தாமதம்? பழைய தட்டு, கொஞ்சம் கீறியிருக்கும். எனக்குப் பரவாயில்லை," என்றார்.

பெர்னார் ஊசியை இறக்கினார். தகரக் கூரையில் கல்மழை கொட்டுவது போன்ற இரைச்சல் எழுந்தது. அது கூடவுமில்லை, குறையவுமில்லை. அதற்குள் ஒரு குரல் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். அந்தப் பக்கம் முடியும்வரை அது மட்டுமே ஒலித்தது.

"இன்னும் தொடங்கவில்லையா?" என்று கேட்டார் ஐரீன்.

பெர்னார் என்ன செய்வதென்று அறியாமல், தட்டை எடுத்து மறுபக்கம் திருப்பி வைத்தார். ஏதாவது ஒன்று ஒலிக்கட்டும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். அது தவறாகப் போயிற்று.

மறுபக்கத்தில் வேறு எவனோ வாசித்த ஆட்ட இசை இருந்தது. வயலின் துலக்கமாக எழுந்தது. நேற்று வாசித்ததுபோல ஒரு பிசிறும் இல்லை. வாசிப்பவன் காலால் தாளம் தட்டும் ஓசைகூடக் கேட்டது. ஐரீன் நிமிர்ந்தார். இரு கைகளையும் கூப்பி வாயின் மேல் வைத்துக்கொண்டார்.

"வயலின்! பாட்டுக்கு முன்னால் வயலின் இருந்தது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே," என்றார். "எவ்வளவு நன்றாக இருக்கிறது! எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறது!"

அவர் புன்னகையோடு காத்திருந்தார். வயலின் சுழன்று சுழன்று வந்தது. பெர்னார் நிறுத்தக் கையை நீட்டி, நிறுத்தத் துணியாமல் கையை இழுத்துக்கொண்டார். ஆட்டம் இரண்டாம் முறை திரும்பியபோது ஐரீனின் புன்னகை சற்றே தளர்ந்தது.

"எப்போது பாடுவாள்?" என்று கேட்டார்.

தாட்சாயினி அவருடைய நாற்காலியருகே முழந்தாளிட்டு, வலக் காதில் நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை. சொல்லி முடிக்குமுன் வயலின் முடிந்து, ஊசி வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

ஐரீன் முத்துமாலையைக் கழுத்தில் நேராக்கினார். பின்னர் கிருபானந்தனை நோக்கினார்.

"நீங்கள் இந்தத் தட்டைக் கேட்டிருக்கிறீர்கள்."

"ஆம், அம்மா. பத்து வயதுவரை. கிராமபோன் பழுதாகும்வரை."

"அப்படியானால் அவள் குரலைக் கேட்டவர்களில் உயிரோடிருப்பவர் நீங்கள் ஒருவர்தான். எப்படியிருந்தது? உயர்ந்த குரலா, தாழ்ந்ததா?"

கிருபானந்தன் கண்களை மூடிப் பார்த்தார்; திறந்தார்.

"பிள்ளை," என்று தாட்சாயினியிடம் தமிழில் சொன்னார், "எனக்கு அப்பரின்ர குரல்தான் வருது. றெக்கோட் பாடேக்கை அவரும் சேந்து பாடுவார், சத்தமா. அந்த மனிசியின்ர குரலை நான் தனியக் கேக்கவே இல்லையடி."

"பொய்யெண்டாலும் ஒண்டு சொல்லுங்கோ, பெரியப்பா. நல்ல குரல் எண்டு சொல்லுங்கோ."

"சொல்லக்கூடாது," என்றார் சிவநேசம். அதுவரை அவர் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். "இனி ஒரு பிழை விடேலாது."

கிருபானந்தன் உண்மையை ஆங்கிலத்தில் சொன்னார். ஐரீன் தலையசைத்தார்.

"உங்கள் தந்தை பாடியதைப் பாடுங்கள்," என்றார்.

எண்பது வயதை நெருங்கிய மனிதர், நிலவறையின் குழாய்களுக்குக் கீழே எழுந்து நின்று, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பாடினார். குரல் கரகரத்தது. ஆங்கிலச் சொற்கள் திருகோணமலையில் திரிந்த உருவில் வந்தன. ஆனால் எந்த விழாவிலும் எவரும் பாடாத அளவுக்கு மெதுவாகப் பாடினார். ஒவ்வோர் அடியின் முடிவிலும் ஒரு மூச்சளவு நின்றார். பாட்டில் மனைவி விளக்கை ஏற்றினாள். பனி சாளரத்தின் கீழ்ச்சட்டத்தைத் தொட்டது, மேல்சட்டத்தைத் தொட்டது. திரி கருகியது. கிருபானந்தன் நிறுத்தி, உட்கார்ந்தார்.

"மீதி?" என்றார் ஐரீன். "கடைசிச் சரணம்? அவன் கதவைத் தட்டுவது?"

"அப்படி ஒன்று இல்லையே, அம்மா. விளக்கு அணையும், பாட்டு முடியும். அந்த இடத்தில் அப்பாவும் எழுந்து ஊசியைத் தூக்குவார்."

"நிச்சயமாகவா?"

"இருந்திருந்தால் அப்பா விட்டிருக்கமாட்டார். ஒரு சொல்லைக்கூட விடமாட்டார்."

ஐரீன் குனிந்து தம் கைகளைப் பார்த்தார். கதவைத் தட்டும் சரணத்தைச் சேர்த்தவர்கள் பின்னால் பாடியவர்கள். எட்னா அதைப் பாடவில்லை.

"அவள் பொய் சொல்லவில்லை," என்றார். அது ஆறுதலாக ஒலிக்கவில்லை. தீர்ப்பைக் கேட்டுக்கொண்டவர் அதைத் தமக்குத் தாமே திருப்பிச் சொல்வதுபோல இருந்தது. பின்னர், "ஆனால் அதை அவள் சொல்லி நான் கேட்கவில்லை," என்றார்.

வெளியே மழையும் பனியும் கலந்து பெய்தன. சந்தைக்காரர்கள் பூசணிக்காய்ப் பெட்டிகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தனர். தாட்சாயினி சிற்றுந்தில் முதலில் ஏறி, உள்ளிருந்து ஐரீனுக்குக் கைகொடுத்தாள். மறுபுறம் ஐரீனின் முழங்கையைத் தாங்கி நின்றவர் சிவநேசம். நிலவறையை விட்டு வெளியே வந்ததிலிருந்து அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவர் ஒரு வாக்கியத்தை அமைத்துக்கொண்டிருந்தார். தம் வாழ்நாளில் அவர் மாணவிகளிடம் அதை வாங்கியிருக்கிறார், எவருக்கும் கொடுத்ததில்லை.

"நான் செய்தது பெருந்தவறு. அதை என்னால் ஈடுசெய்ய முடியாது. என்னை மன்னியுங்கள்," என்று ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, ஐரீனின் காதருகே சொன்னார்.

அது இடக் காது.

ஐரீன் முன்னால் பார்த்தபடி, "படி வழுக்குமா?" என்று தாட்சாயினியிடம் கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். கதவு மூடிக்கொண்டது. ஈரக் கண்ணாடிக்கு அப்பால் சிவநேசம் கைகளைத் தொங்கவிட்டு நிற்பதைத் தாட்சாயினி பார்த்தாள்.

வண்டி நகர்ந்ததும் அவள் ஐரீனின் வலப்புறத்துக்கு மாறி அமர்ந்தாள்.

"என் பெரியம்மா உங்களிடம் ஒன்று—"

"இன்று எனக்கு இனி எதையும் சொல்லாதே," என்றார் ஐரீன். தீவுக்குச் செல்லும் பாலம் வரும்வரை அவர் கண்களைத் திறக்கவில்லை.

இரவு உணவுக்கு முன்னர் தொலைபேசி அடித்தது. சிவநேசம் நலம் விசாரிக்கவில்லை.

"நான் சொன்னதுக்கு அவ என்ன சொன்னவ, பிள்ளை?"

தாட்சாயினி ஐரீனின் மூடிய அறைக்கதவைப் பார்த்தாள்.

"ஒண்டும் சொல்லேல்லை, பெரியம்மா."

"ஓம்," என்றார் சிவநேசம். "நியாயந்தான்."

அவர் தொலைபேசியை உடனே வைத்துவிடவில்லை. தாட்சாயினியும் வைக்கவில்லை.